தோட்ட வரம்பிற் செவ்வந்தி: செய்வதும் செய்யாததும்

கத்தரித் தோட்டத்தின் வரம்பில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகச் செவ்வந்தி பூத்து நிற்பது கண்ணுக்கு இனிய காட்சியாகும். ஆயினும், அழகு கருதி மட்டும் பலர் அதனை நடுவதில்லை. “வரம்பிற் செவ்வந்தி நின்றாற் பூச்சி புழு தோட்டத்தை அண்டாது” என்ற நம்பிக்கையே அவர்களை நடத் தூண்டுகின்றது. இந்நம்பிக்கையில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. இரண்டையும் பிரித்தறியாத கமக்காரர் ஒரு போகத்தின் உழைப்பையும் முதலையும் இழக்க நேரிடும். அவ்விழப்பைத் தடுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பிழையை முதலிற் செய்தவன் நானே என்பதை ஒளிக்காது கூறிவிடுகின்றேன். விவசாயப் பாடசாலையிற் பயிற்சி முடித்துப் போதனாசிரியனாகக் கடமையேற்ற புதிதில், வயதிலும் அனுபவத்திலும் மூத்த கமக்காரர் ஒருவர் தமது கத்தரித் தோட்டம் ஆண்டுதோறும் வலுவிழந்து வருவதாக என்னிடம் முறையிட்டார். வேர்முடிச்சுப் புழுவே காரணம் என்று கண்டேன். செவ்வந்தி அப்புழுவை ஒடுக்கும் என்று படித்திருந்தேன். ஆனால் அதனை எவ்வாறு பயிரிட வேண்டும் என்பதைச் சரியாகப் படித்திருக்கவில்லை. நாற்புற வரம்பிலும் ஒவ்வொரு வரிசை செவ்வந்தியை நடுமாறு கூறிச் சென்றேன். இரண்டு மாதங்கழித்துத் திரும்பச் சென்றபோது அவர் என்னை வரம்பில் நிறுத்தி, “தம்பி, பூ நல்லாய்த்தான் பூத்திருக்குது. கத்தரிதான் போயிட்டுது” என்றார். நடுப்பாத்தியில் வாடி நின்ற ஒரு கத்தரியைப் பிடுங்கிப் பார்த்தோம். வேர் முழுவதும் மணி கோத்தாற்போல முடிச்சுகள் இருந்தன. வரம்பிலிருந்த செவ்வந்தியின் வேரோ வெள்ளையாய்ச் சுத்தமாய் இருந்தது. செவ்வந்தி தன் வேரைக் காத்துக்கொண்டது. பத்து அடிக்கு அப்பால் நின்ற கத்தரியின் வேரைக் காக்கவில்லை. பாடம் அதுவே.

செவ்வந்தி எது?

நம்மவர் செவ்வந்தி என்னும் பெயரை இருவேறு பூக்களுக்கு இட்டு வழங்குகின்றனர். ஒன்று கிரிசாந்திமம் எனப்படுவது. மற்றையது ஆங்கிலத்தில் மாரிகோல்ட் எனவும், தமிழ்நாட்டிற் செண்டுமல்லி எனவும், சிங்களத்திற் தாஸ்பெத்தியா எனவும் அழைக்கப்படுவது. இலையைக் கசக்கினாற் கடுமையான மணம் வீசும் இப்பின்னதே இங்கு கூறப்படுவதாகும்.

இதில் இரண்டு இனங்கள் பெரும்பாலும் பயிரிடப்படுகின்றன. தஜீற்றிஸ் இரெக்ரா என்பது 2 முதல் 3 அடி உயரம் வளர்ந்து பெரிய பூக்களைத் தருவது. மாலை கட்டுவதற்கு ஏற்றது. தஜீற்றிஸ் பற்றூலா என்பது ஏறக்குறைய ஓர் அடி உயரத்திற் படர்ந்து சிறு பூக்களைத் தருவது. ஆங்கிலத்தில் முன்னதை ஆபிரிக்கச் செவ்வந்தி என்றும் பின்னதைப் பிரெஞ்சுச் செவ்வந்தி என்றும் கூறுவர். எனினும் இரண்டின் தாயகமும் மெக்சிக்கோவும் அதனை அடுத்த மத்திய அமெரிக்க நாடுகளுமேயாம். அங்கிருந்து 16 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று, பின்னர் உலகெங்கும் பரவியது.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

வேர்முடிச்சுப் புழு என்பது மண்ணில் வாழும் வட்டப்புழு வகையைச் சேர்ந்தது. இதனை நூற்புழு என்றும் கூறுவர். விஞ்ஞானிகள் இதற்கு மெலோயிடோஜைன் என்று பெயரிட்டுள்ளனர். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீற்றர் நீளங்கூட இல்லாதது. அது வேரின் நுனியாற் புகுந்து ஓரிடத்தில் நிலைத்து உணவை உறிஞ்சும். அவ்விடத்து வேர் பருத்து முடிச்சாகும். பெண்புழு பருத்துப் பல நூறு முட்டைகளை இடும். வெப்பமான மண்ணில் ஏறக்குறைய நான்கு கிழமைகளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஐந்து மாதம் நிலத்தில் நிற்கும் மிளகாய்ப் பயிரில் நான்கைந்து தலைமுறைகள் பெருகுமெனின், அறுவடைக் காலத்தில் அம்மண்ணின் நிலை எவ்வாறிருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டி, பாகல், புடோல், போஞ்சி, கரட் ஆகிய பல பயிர்களை இப்புழு தாக்கும். நீர் எளிதில் வடியும் இலேசான மண்ணிலும் மணற்பாங்கான மண்ணிலும் இதன் கொடுமை மிகுதி.

தாக்குண்ட பயிர் நீர் இறைத்திருந்தும் நண்பகலில் வாடி மாலையில் நிமிரும். இலை வெளிறும். பசளை இட்டும் தேறாது. இவ்வறிகுறிகளைக் கண்டு பசளை போதாதென எண்ணி மேலும் பசளை இடுவோர் பலர். அதனால் பணமே விரயமாகும். ஐயம் ஏற்படின் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, நீரில் மெல்ல அலசி, வேரைப் பாருங்கள். சும்மா இழுத்துப் பிடுங்கினாற் முடிச்சுள்ள நுண்வேர்கள் அறுந்து மண்ணிலே தங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. போஞ்சி, பயற்றை முதலிய அவரைக் குலப் பயிர்களின் வேரில் இயற்கையாகவே சிறு கணுக்கள் உண்டு. அவை வளியிலுள்ள நைதரசனைப் பயிருக்குச் சேர்ப்பவை, நன்மை செய்வன. அவை வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் உருட்டினாற் கழன்றுவிடும். வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். வட்டப்புழுவின் முடிச்சோ வேரே பருத்து உண்டானது. வேரைப் பிய்க்காமற் கழற்ற முடியாது.

செவ்வந்தியின் வலிமை எங்கே உள்ளது?

செவ்வந்தியின் மணம் இலையிலும் பூவிலும் இருப்பதனால், அம்மணமே புழுவை விரட்டுகின்றது எனப் பலர் கருதுகின்றனர். மண்ணினுள் வாழும் வட்டப்புழுவைப் பொறுத்தவரை இது பிழை. அதன் வலிமை வேரிலேயே உள்ளது. 1958 ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு ஆய்வாளர்களாகிய ஊலென்புரூக், பெய்லோ என்னும் இருவர் செவ்வந்தி வேரிலிருந்து வட்டப்புழுவைக் கொல்லும் பொருளொன்றைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அதற்கு அல்பா-தேர்தையனைல் என்று பெயர். புழு வேரினுட் புகும்போது இப்பொருள் அதனைத் தாக்குகின்றது. தப்பிப் பிழைக்கும் புழுவும் அவ்வேரில் வளர்ந்து முட்டையிட இயலாது போகின்றது.

இதிலிருந்து மூன்று உண்மைகளை விளங்கிக்கொள்ளலாம். முதலாவது, செவ்வந்தி உயிரோடு வளரும்போதே அதன் முழுவலிமையும் வெளிப்படும். பூவையும் இலையையும் பறித்து மண்ணிற் புதைப்பது அதற்கு ஈடாகாது. இரண்டாவது, அதன் வேர் சென்ற இடத்திலும் அதன் அயலிலும் மட்டுமே பயன் உண்டு; வரம்பில் நின்றுகொண்டு பாத்தியின் நடுவைக் காக்க அதனால் இயலாது. மூன்றாவது, புழுவின் தொகை குறையக் காலம் வேண்டும். கத்தரியையும் செவ்வந்தியையும் ஒரே நாளில் அருகருகே நட்டால், செவ்வந்தி தன் வேலையைச் செய்து முடிக்குமுன் புழு கத்தரியின் வேரினுட் குடியேறிவிடும். போதாதற்கு நீருக்கும் பசளைக்கும் இரண்டும் போட்டியிடும்.

ஆகவே வேர்முடிச்சுப் புழுவை ஒடுக்க விரும்புவோர் செவ்வந்தியை வரம்பிலன்றி, நோயுற்ற நிலத்திலேயே, மரக்கறிக்கு முன்பயிராக நெருக்கி நடுதல் வேண்டும்.

முன்பயிராக நடும் முறை

காய்கறி நடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன் செவ்வந்தி நிலத்தில் இருத்தல் வேண்டும். வட மாகாணச் செம்மண் தோட்டங்களிற் தை மாதத்தில் மரக்கறி நடுவதாயின், புரட்டாதித் தொடக்கத்தில் நாற்றுமேடையில் விதையை இட்டு, ஐப்பசி முதல் மழையோடு நாற்றை நடலாம். மார்கழி முடிவில் இரண்டு மாதம் நிறைந்துவிடும். நீர் தேங்கினாற் செவ்வந்தியின் வேர் அழுகுமாதலால், பள்ளக் காணிகளில் மேட்டுப்பாத்தி அமைத்து வடிகால் வெட்டுவது அவசியம்.

நாற்றுமேடையின் மண் புழுவற்றதாயிருத்தல் வேண்டும். விதையை மெல்லிய படையாக மண்ணால் மூடிப் பூவாளியால் நீர் தெளித்துவர, ஒரு கிழமையளவில் முளைக்கும். மூன்று நான்கு கிழமைகளில் நாற்று நடுவதற்கு ஏற்றதாகும்.

இடைவெளி 7 அங்குலத்துக்கு, அதாவது 18 சென்ரிமீற்றருக்கு, மேற்படலாகாது. மாலைக்காகப் பூப்பயிரிடுவோர் விடும் அகன்ற இடைவெளி இங்கு உதவாது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னி நிலம் முழுவதையும் நிரப்பவேண்டும் என்பதே நோக்கம். இவ்விடைவெளியில் ஒரு பரப்புக் காணிக்கு ஏறக்குறைய 7,800 நாற்றுகள் வேண்டப்படும். இத்தொகையைக் கண்டு மலைக்க வேண்டாம். கலப்பினமல்லாத செவ்வந்தியாயின் நன்கு முற்றிக் காய்ந்த பூக்களிலிருந்து வேண்டிய விதையை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். நாற்று நடுவதற்கு ஆள் இல்லையெனில் விதையை நேரே வரிசையில் இட்டுப் பின்னர் கலைத்துவிடலாம். அவ்வாறாயின் நாற்றுமேடைக் காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுக.

களையைப் பற்றி ஒரு வார்த்தை. செவ்வந்திக்கிடையிற் களை வளர விட்டால், புழு அக்களைகளின் வேரிற் பெருகும். உங்கள் முயற்சி வீணாகும். செவ்வந்தி நெருங்கி நிலத்தை மூடும்வரை இரண்டொரு தடவையாவது களை பிடுங்குங்கள்.

இரண்டு மாதம் நிறைந்ததும் பயிரை வெட்டி மண்ணோடு கொத்திப் புரட்டி, அது உக்கியபின் தாமதியாது மரக்கறியை நடுங்கள். நிலத்தை நீண்டகாலம் களைக்காடாக விட்டாற் புழு மீண்டும் பெருகும். இதனாற் கிடைக்கும் பாதுகாப்பும் பெரும்பாலும் அடுத்துவரும் ஒரு பயிருக்கே போதுமானது. செவ்வந்தி புழுவைக் குறைக்குமேயன்றி அடியோடு ஒழிக்காது. மேலும், எல்லாச் செவ்வந்தி வகைகளும் எல்லா வட்டப்புழு இனங்களையும் ஒரே அளவில் அடக்குவதில்லை. ஆதலின் முதல் ஆண்டிற் சிறிய அளவிற் செய்து பார்ப்பதே புத்தியுள்ள செயலாகும்.

நிலம் சும்மா கிடக்குமா?

“இரண்டு மாதம் காணியைப் பூவுக்குக் கொடுத்துவிட்டு நாம் எதைச் சாப்பிடுவது?” என்று நீங்கள் கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டிற் செவ்வந்திக்கு விட வேண்டுமென நான் கூறவில்லை. காணியை நான்கு பங்காக்கி, நோய் மிகுந்த பங்கில் இவ்வாண்டும், அடுத்த பங்கில் மறு ஆண்டுமாக மாற்றி வாருங்கள். நான்கு ஆண்டில் காணி முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். பூவும் வீணாகாது. திருவெம்பாவைக் காலத்திலும் தைப்பொங்கலுக்கும் கோயில்களிலும் வீடுகளிலும் மாலைப் பூ வேண்டப்படும். சந்தை அருகிலிருப்பின் பூவிற்ற பணம் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்யும்.

உங்கள் மண்ணிற் புழு உண்டா என்பதை முன்கூட்டியே அறிய எளிய வழி ஒன்றுண்டு. காணியின் பல இடங்களிலிருந்து அரை அடி ஆழத்தில் மண் எடுத்துக் கலந்து, இரண்டொரு சட்டிகளில் இட்டு, புழுவை எதிர்க்கும் ஆற்றலற்ற சாதாரணத் தக்காளி நாற்றை நட்டு நீரூற்றி வாருங்கள். ஐந்தாறு கிழமைகளில் வேரை அலசிப் பார்த்தால் உண்மை தெரியும். செவ்வந்திக்கு முன்னும் பின்னும் இவ்வாறு செய்து பார்த்தால், உங்கள் உழைப்பின் பயனை உங்கள் கண்ணாலேயே காணலாம்.

இவற்றோடு, அறுவடை முடிந்ததும் பழைய வேர்களைத் தோண்டியெடுத்து வெயிலிற் காயவிட்டு எரித்தல், கடுங்கோடையில் நிலத்தைப் புரட்டி வெயில் காட்டுதல், முடிச்சுள்ள நாற்றை நடாமற் தள்ளிவிடுதல், நோயுற்ற காணியில் வேலைசெய்த மண்வெட்டியைக் கழுவிய பின்னரே மறு காணிக்குக் கொண்டுசெல்லுதல் என்பனவும் கைக்கொள்ளத்தக்கன. நீர் தேக்கி நெல் விளைவிக்கும் தாழ்ந்த காணியில், நெல்லுக்குப் பின் மரக்கறி செய்வோருக்கு இத்தொல்லை குறைவு. மரக்கறியைத் தாக்கும் வேர்முடிச்சுப் புழு நீர்மூடிய மண்ணில் நெடுங்காலம் தாக்குப்பிடிப்பதில்லை.

அவ்வாறாயின் வரம்பில் நடுவது வீணா?

வீணன்று. வரிசையாக நடும் செவ்வந்திக்கு வேறொரு பணி உண்டு. தக்காளிக் காயைத் துளைக்கும் ஹெலிகோவேர்ப்பா என்னும் புழுவின் தாய் அந்துப்பூச்சி, தக்காளியைவிடச் செவ்வந்திப் பூவிலும் மொட்டிலும் முட்டையிட விரும்பும். இதனைக் கொண்டு, பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஒரு முறையை வகுத்தனர். 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை உயரமான செவ்வந்தி நடப்படும். 25 நாள் வயதுள்ள தக்காளி நாற்றோடு, 40 முதல் 45 நாள் வயதுள்ள செவ்வந்தி நாற்றை ஒரே நாளில் நடுவர். அப்போதுதான் தக்காளி பூக்கும் காலத்திற் செவ்வந்தியும் பூத்து நிற்கும். நம்மிற் பலர் செவ்வந்தியைப் பிந்தி நட்டுவிட்டுப் பயனில்லை என்று கூறுவதற்கு இவ்வயது வேறுபாட்டைக் கவனியாமையே ஒரு காரணமாகும்.

ஆனால் இது பொறி என்பதை மறவாதீர்கள். எலிப்பொறியில் அகப்பட்ட எலியை வெளியே விடுவோர் உண்டோ? செவ்வந்திப் பூவிலுள்ள முட்டையையும் புழுவையும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தேடி அழித்தல் வேண்டும். அவ்வாறு செய்யாது விட்டால், அவ்வரிசை புழுவுக்குப் பொறியாகாமற் தொட்டிலாகிவிடும்.

வெண்ஈயைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 2019 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி வீட்டினுள் தக்காளிக்கிடையே பிரெஞ்சுச் செவ்வந்தியை வளர்த்தபோது வெண்ஈயின் பெருக்கம் தாமதமாயிற்று. செவ்வந்தி வெளியிடும் லிமொனீன் என்னும் மணப்பொருள் அதற்கு முக்கிய காரணமெனக் கண்டனர். இங்கு மணத்துக்கு மதிப்பு உண்டு. எனினும் அது அடைத்த வீட்டினுட் கண்ட பயன். காற்று வீசும் திறந்த தோட்டத்தில் அதே பயனை எதிர்பார்த்து வேறு பாதுகாப்பின்றி இருத்தல் கூடாது.

மிளகாய் செய்வோருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் செவ்வந்தியிலும் வாழும். வரட்சிக் காலத்தில் வரம்புச் செவ்வந்தியின் இலை வெளிறிச் சிலந்தி வலை போன்ற நூல் தென்பட்டால், அச்செடிகளை உடனே அகற்றுங்கள்.

நெல்வயல் வரம்பு

நெற்செய்கையாளருக்கும் வரம்புப் பூவால் நன்மை உண்டு. அதன் வழி வேறு. தத்தி முதலிய பீடைகளின் முட்டையினுள் தம் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும் சிறு குளவிகள் வயலில் உள்ளன. அவற்றுக்குத் தேன் உணவு. சீனா, தாய்லாந்து, வியற்நாம் ஆகிய நாடுகளில் நான்கு ஆண்டுகள் நடத்தப்பட்டு 2016 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், வயலைச் சுற்றி எள்ளுப் போன்ற தேன்தரும் பூச்செடிகளை வளர்த்ததனாற் பூச்சிநாசினி தெளிப்பு நூற்றுக்கு 70 வீதம் குறைந்தது. விளைச்சல் நூற்றுக்கு 5 வீதம் கூடியது. வரம்பிற் பூவை வளர்த்துக்கொண்டு, தேவையின்றிப் பூச்சிநாசினியையும் தெளித்தால் அக்குளவிகள் மடியும். பூவால் வரும் பயனும் போகும்.

முடிவுரை

சுருங்கக் கூறின், வேர்முடிச்சுப் புழுவுக்கு நோயுற்ற நிலம் முழுவதிலும் நெருக்கமாக, இரண்டு மாதம், காய்கறிக்கு முன். தக்காளிக் காய்ப்புழுவுக்கு வரிசையாக, உரிய வயதில், நாள்தோறும் கண்ணோட்டத்துடன். நோக்கத்தை முதலில் தீர்மானித்துப் பின் நடுங்கள்.

நான் முன்பு கூறிய கமக்காரர் மறு ஆண்டிற் தமது தோட்டத்தின் காற்பங்கில் இம்முறைப்படி செவ்வந்தியை நட்டார். தை மாதத்தில் அங்கே கத்தரியை நட்டு, சித்திரையில் இருவரும் சேர்ந்து சில செடிகளைத் தோண்டிப் பார்த்தோம். முடிச்சுகள் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. ஆனால் மிகக் குறைந்திருந்தன. செடிகளும் நண்பகல் வெயிலில் நிமிர்ந்து நின்றன. வேரைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்த அவர், “இதை அப்பவே சொல்லியிருக்கலாமே, தம்பி” என்றார். அப்போது சொல்லத் தவறியதை இப்போது உங்கள் அனைவருக்கும் சொல்லிவிட்டேன். இன்றே உங்கள் தோட்டத்திற் சோர்ந்து நிற்கும் ஒரு செடியைத் தோண்டி, அதன் வேரை நீரில் அலசிப் பாருங்கள். செய்யவேண்டியது எது என்பதை அந்த வேரே கூறும்.